கருவுற்ற தாயின் பாலும் மூத்த குழந்தையின் உணவும்: கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து 33 வயதுப் பெண் ஒருவர் தம் 14 மாதப் பெண் குழந்தையுடன் மார்ச் மாதத்தில் ஆலோசனைக்கு வந்தார். முதல் பிரசவம் சுகப்பிரசவம். குழந்தை முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்து, அதன்பின் மற்ற உணவுகளோடு பகலில் நான்கைந்து முறையும் இரவில் இரண்டு மூன்று முறையும் பால் குடித்துவந்தது. கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்கள் அவர் விடுப்பில் ஊரில் இருப்பார். அதற்கடுத்த விடுப்புக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குள் இரண்டாவது கரு உண்டாக வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அதற்காகப் பால் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டுமா என்பது தாயின் கேள்வி. அவருடைய ஒப்புதலோடும், அவரை இனங்காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

இந்த மாவட்டத்தில் வெளிநாட்டு வேலைக்கும் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் ஆண்கள் போய்விடும் வீடுகளில், கணவர் ஊருக்கு வரும் நாள்களே கருத்தரிப்பின் காலத்தையும் தீர்மானிக்கின்றன. "ஓராண்டு முயன்று பாருங்கள்" என்ற பாடநூல் அறிவுரை அங்கே பொருந்துவதில்லை. இந்த அவசரத்தைப் புரிந்துகொள்ளாமல் ஆலோசனை சொல்பவர் பெண்ணுக்கு உதவவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கருத்தரிக்க முயன்ற காலம்

எங்களிடம் வருவதற்கு முன்பு அவர் வேறொரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தார். அங்கே பால் சுரக்கச் செய்யும் இயக்குநீரான (ஹார்மோன்) புரோலாக்டினின் அளவை இரத்தத்தில் பார்த்து, கூடுதலாக இருக்கிறது என்று சொல்லி, பாலை வற்றச் செய்யும் கேபர்கோலின் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரையை வாங்கியும் விழுங்க மனமில்லாமல் கைப்பையிலேயே வைத்திருந்தார். பாலூட்டும் பெண்ணுக்குப் புரோலாக்டின் உயர்ந்திருப்பது இயல்பு. அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது மாதவிலக்கு திரும்பிவிட்டதா, எந்த இடைவெளியில் வருகிறது என்பதையே. இவருக்குக் குழந்தையின் பதினோராம் மாதத்தில் மாதவிலக்கு திரும்பியிருந்தது. முதல் சுழற்சி நாற்பது நாளைத் தாண்டியது. அடுத்த இரண்டும் முப்பது நாளை ஒட்டி வந்தன. தைராய்டு பரிசோதனை முடிவும் இயல்பாகவே இருந்தது.

குழந்தை மார்பைச் சப்பும்போது மூளையின் அடிப்பகுதியிலிருந்து கருமுட்டையைத் தூண்டும் இயக்குநீர்களின் துடிப்பு தளர்கிறது. பாலூட்டல் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது இதனால்தான். 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய வல்லுநர்கள் இதற்கு மூன்று நிபந்தனைகளைத் தெளிவாக்கினர்: பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் கடக்காமல் இருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, குழந்தை முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தாய்ப்பாலையே குடிக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே பொருந்தும்வரை கருத்தரிப்புக்கு எதிராக 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு உண்டு; ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு வருமுன்னரே கருமுட்டை வெளிப்பட்டுவிடுவதும் உண்டு. மாதவிலக்கே வராமல் மீண்டும் கருவுற்றதாகச் சொல்லும் தாய்மார்கள் நம் ஊர்களில் குறைவில்லை; அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மையாகவே இருக்கக்கூடும்.

இந்தத் தாய்க்கு மூன்று நிபந்தனைகளும் கடந்துவிட்டிருந்தன. கருமுட்டை வெளிப்பட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் பாலை நிறுத்தத் தேவையில்லை, மாத்திரையும் தேவையில்லை என்று சொன்னேன். மாதவிலக்கு திரும்பிய முதல் சில சுழற்சிகளில் கருமுட்டை வெளிப்பட்ட பிறகான காலம் குறுகியிருந்து கரு ஒட்டாமல் போவது உண்டு. ஆகவே குழந்தைக்கு எந்த இழப்பும் இல்லாத முறையில் பாலூட்டும் இடைவெளியை ஓரளவு நீட்டலாம் என்று முடிவு செய்தோம்: காலையில் ஒரு முறை கொடுப்பதற்குப் பதிலாக முட்டையும் இட்டிலியும், நள்ளிரவுப் பாலுக்குப் பதிலாகத் தட்டிக் கொடுத்து உறங்க வைப்பது. ஃபோலிக் அமில மாத்திரையையும் அன்றே தொடங்கினோம். அது பாலூட்டலுக்கு எவ்வகையிலும் தடையில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஒரு குழந்தை பிறந்து 24 மாதமாவது கழிந்து அடுத்த கரு உண்டாவது தாய்க்கும் சேய்க்கும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவர் அதைக் கவனமாகக் கேட்டார். வயதையும் கணவரின் விடுப்பையும் எடுத்துச் சொல்லி, காத்திருக்க இயலாது என்றார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. மே மாத இறுதியில் சிறுநீர்ப் பரிசோதனையில் கரு உறுதியானது.

எட்டாவது வாரத்தில் உதிரப்போக்கு

ஜூன் நடுவில், கணவர் திரும்பிப் போன சில நாள்களில், தாய்க்கு லேசான உதிரப்போக்கு ஏற்பட்டது. ஸ்கேனில் கருவின் இதயத்துடிப்பு சீராக இருந்தது. கருப்பைச் சுவருக்கும் கருவைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையே சிறிய இரத்தக் கசிவு தெரிந்தது. தொடக்க மாதங்களில் உதிரம் படுவதற்குப் பரவலான காரணங்களில் இதுவும் ஒன்று. இதயத்துடிப்பு தெரிந்தபின் இத்தகைய கருக்களில் பெரும்பாலானவை நிலைத்துவிடுகின்றன. ஆனால் வீட்டில் இதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. "வயித்துப் பிள்ளைக்க சத்தை மூத்தது உறிஞ்சிரும் மக்களே, நான் அப்பமே சொன்னேன்" என்று மாமியார் சொன்னதைத் தாய் அழுகையோடு என்னிடம் சொன்னார். மாமியாரைக் குற்றஞ்சாட்டுவது முறையாகாது. கருவுற்ற தாயின் பாலைக் குடிக்கும் குழந்தை மெலியும் என்று பழைய மருத்துவ மரபிலும் எழுதப்பட்டிருக்கிறது. அவர் தம் அக்கறையையே அந்தச் சொற்களில் வெளிப்படுத்தினார்.

குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின் சுரக்கிறது. பிரசவ வலியைத் தூண்டுவதும் அதே இயக்குநீர் என்பதால் அச்சம் எழுவது இயல்பு. எனினும் ஆக்சிடோசின் வேலை செய்ய வேண்டுமானால் கருப்பைத் தசையில் அதை ஏற்கும் ஏற்பிகள் வேண்டும். கர்ப்பத்தின் முற்பகுதியில் அவை மிகக் குறைவு. பிரசவ காலம் நெருங்கும்போதுதான் பெருகுகின்றன. கர்ப்பத்தில் ஓங்கியிருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீரும் கருப்பையை அமைதியாக வைத்திருக்கிறது. ஜப்பானில் 2009இல் வெளியான ஆய்வொன்று, கருவுற்ற பின்னும் பாலூட்டிய தாய்மாரையும் பாலூட்டாத தாய்மாரையும் ஒப்பிட்டபோது கருச்சிதைவில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாட்டைக் காட்டியது: மூத்த குழந்தை மற்ற உணவோடு தாய்ப்பாலும் குடித்த நிலையில் கருச்சிதைவு கூடவில்லை, தாய்ப்பாலை மட்டுமே குடிக்கும் சிசு இருக்கும்போதே மீண்டும் கருவுற்றவர்களிடம் அது கூடியிருந்தது. ஆறு மாதம்கூட ஆகாத கைக்குழந்தை இருக்கும்போது கருவுற்ற பெண்ணுக்கும், சோறு தின்னும் ஒன்றரை வயதுக் குழந்தையின் தாய்க்கும் ஒரே அறிவுரையைச் சொல்லக் கூடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

முன்பு குறைமாதப் பிரசவம் நேர்ந்தவர்கள், கருப்பை வாய் தளர்ந்தவர்கள், இரட்டைக் கரு சுமப்பவர்கள், உதிரப்போக்கு மிகுந்தவர்கள் ஆகியோருக்குப் பாலை நிறுத்துமாறு நானும் சொல்வேன். இவருக்கு அவற்றுள் எதுவும் இல்லை. பால் கொடுக்கும்போது வயிறு இறுகினாலோ உதிரம் கூடினாலோ நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்ற எச்சரிக்கையோடு, தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் உதிரம் நின்றது.

பால் மறக்கடித்த இரண்டு வாரம்

எழுதிக் கொடுத்த காகிதம் வீட்டில் செல்லவில்லை. மாமியார் குழந்தையைத் தம்மோடு படுக்க வைத்துக்கொண்டார். தாயின் மார்பில் சென்னிநாயகம் பூசப்பட்டது. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அந்தக் கற்றாழைச் சாற்றுக் கட்டியின் கசப்பு நாக்கைவிட்டு எளிதில் போகாது. குழந்தை இரண்டு நாள் அழுது ஓய்ந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குச் சென்றபோது தாய்க்கு இடது மார்பில் பால் கட்டி, சிவந்து, காய்ச்சலும் இருந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஜூன் நடுவில் 9.4 கிலோ இருந்த எடை 8.8 ஆக இறங்கியிருந்தது.

அந்த இரண்டு வாரத்தில் குழந்தை என்ன சாப்பிட்டது என்பதை ஒவ்வொரு வேளையாகக் கேட்டறிந்தேன். இந்த நிகழ்வில் என்னைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான பகுதி. காலையில் கட்டன் சாயாவில் (பால் சேர்க்காத தேநீர்) நனைத்த பிஸ்கட், மதியம் மசித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அல்லது ரசஞ்சோறு, மாலையில் மீண்டும் பிஸ்கட், இரவில் கஞ்சி. அழுகையை அடக்க இடையிடையே புட்டிப்பால். அதிலும் பாதி தண்ணீர். மேற்குக் கரையில் விசைப்படகுகள் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் அது; வழக்கமாக வீட்டில் மலிவாகப் புழங்கும் சாளையும் நெத்திலியும் அந்த நாள்களில் விலையேறி, வாங்குவது குறைந்துபோயிருந்தது. நூறு கிராம் மரச்சீனியில் இருக்கும் புரதம் ஒன்றரை கிராமைத் தாண்டாது. அதே அளவு சாளையில் இருபது கிராமுக்கு அருகில் இருக்கும். கிழங்கும் மீனும் சேர்ந்தால் அது நல்ல உணவு. மீன் போய்க் கிழங்கு மட்டும் மிஞ்சிய அதே வாரங்களில்தான் தாய்ப்பாலும் பறிக்கப்பட்டது.

1930களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், வயிறு உப்பி, கால் வீங்கி, தோல் உரிந்து வந்த குழந்தைகளைப் பார்த்து குவாஷியோர்கர் என்ற நோயை மருத்துவ உலகுக்கு விவரித்தார். தாய் அடுத்த கரு தரித்ததும் பாலிலிருந்து விலக்கப்பட்டு, மக்காச்சோளக் கூழுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் அவர்கள். எங்கள் குழந்தை அந்த நிலைக்கு அருகில்கூட வரவில்லை. ஆனால் வழி அதுவே. இரண்டாம் வயதில் ஒரு குழந்தைக்குத் தேவையான ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் தரக்கூடும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் போனால் குழந்தை மெலியும். மெலிந்ததும் "கர்ப்பப் பாலைக் குடித்ததன் கேடு" என்று பழி பாலின் மேலேயே விழுகிறது. ஊரில் நிலவும் நம்பிக்கைக்குப் பின்னால் உண்மையான கவனிப்பு ஒன்று இருக்கிறது. தாய் கருவுற்றதும் மூத்த குழந்தை மெலிவதைத் தலைமுறைகளாகக் கண்டவர்கள் நம் பாட்டிமார். காரணத்தை மட்டும் தவறான இடத்தில் வைத்துவிட்டார்கள்.

மாமியாரையும் அழைத்து இதை எடைப் பதிவேட்டைக் காட்டியே பேசினேன். அவர் பிடிவாதக்காரர் அல்லர். எடை இறங்கிய கோட்டைப் பார்த்ததும் நெடுநேரம் பேசாமல் இருந்து, "என்ன குடுக்கணும்னு சொல்லுங்க டாக்டரம்மா" என்றார். தாயை மீண்டும் பால் கொடுக்கச் சொன்னோம். பால் கட்டியிருக்கும் மார்புக்கு அதைக் காலி செய்வதே முதல் மருத்துவம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதுமானதாக இருந்தது. ஒரு நாளைக்குள் காய்ச்சல் தணியாவிட்டால் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கத் திட்டமிட்டிருந்தோம். அதற்குத் தேவை ஏற்படவில்லை. குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுத்தோம். உணவில் நாளுக்கு ஒரு முட்டை, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு, சிறுபயறு சேர்த்த கஞ்சி, தேங்காய் எண்ணெய் ஒரு சிறு கரண்டி, மட்டிப்பழம் என்று மாமியார் கையாலேயே ஏற்பாடு செய்தோம். சாயாவை நிறுத்தினோம். ஆகஸ்டில் சாளை திரும்பக் கிடைத்ததும் முள்ளெடுத்து மரச்சீனியோடு மசித்துக் கொடுத்தார்கள். அந்த மாத இறுதியில் எடை 9.7 கிலோ.

தாயின் இரத்தசோகை

எட்டாவது வாரத்தில் தாயின் ஹீமோகுளோபின் 9.6 கிராம். கர்ப்ப காலத்தில் 11க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 10க்குக் கீழே வந்தால் மிதமான இரத்தசோகை. "பால் கொடுத்தே இரத்தம் வற்றிவிட்டது" என்றார் உறவினர் ஒருவர். தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்புகூட இருப்பதில்லை. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் தேவைப்படும் இரும்போ ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். பாலை நிறுத்துவதால் இரத்தசோகை தீராது. இரும்பு கொடுத்தால்தான் தீரும்.

குமட்டல் தணிந்த பன்னிரண்டாம் வாரத்தில், 60 மில்லிகிராம் இரும்பு கொண்ட மாத்திரை நாளுக்கு இரண்டு என்று தொடங்கினோம். ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது உயர வேண்டிய அளவு 9.9 வரைதான் வந்தது. விசாரித்ததில், இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கி, அதற்கு மேல் கட்டன் சாயாவும் குடித்துவந்தது தெரிந்தது. இரண்டுமே இரும்பு உடலில் சேர்வதைக் கெடுப்பவை. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் பேரீச்சம்பழமும் சத்துமாவும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்காகியிருந்தன. கொடுத்து உண்ணும் வீட்டில் அது நடப்பதே. இரும்பு மாத்திரையை நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாற்றோடும், கால்சியத்தை வேறு வேளையிலும், சாயாவை மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளியும் மாற்றியதும் இருபதாம் வாரத்தில் 10.8, முப்பதாம் வாரத்தில் 11.3 என்று ஏறியது. சிரை வழி இரும்பு ஏற்றத் தேவைப்படவில்லை.

சாதாரண உணவுக்கு மேல் கர்ப்பத்துக்கு நாளுக்கு 350 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. பாலும் கொடுக்கும் தாய்க்கு அதற்கும் மேல் வேண்டும். எண்களைச் சொல்லாமல், காலையும் மாலையும் ஒரு சிறு வேளை உணவு கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று சொன்னோம். குவாத்தமாலாவில் 1990இல் வெளியான ஆய்வில், கர்ப்பமும் பாலூட்டலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த தாய்மாரின் உடற்கொழுப்புச் சேமிப்பு குறைந்திருந்தது. கருவின் வளர்ச்சியில் பெரிய குறை காணப்படவில்லை. சுமையை முதலில் தாங்குவது தாயின் உடலே. ஆகவே ஒவ்வொரு முறையும் தாயின் எடையைக் கருவின் வளர்ச்சி அளவுக்குச் சமமான அக்கறையோடு பார்த்தோம்.

நடுமாதங்கள்

ஐந்தாம் மாதத்தில் பால் குறைந்தது. கர்ப்ப இயக்குநீர்கள் ஓங்கும்போது பெரும்பாலோருக்கு இது நேர்கிறது. எவ்வளவு சப்பினாலும் கூடுவதில்லை. பால் மெல்லச் சீம்பாலாக மாறுகிறது. சோடியம் கூடி, பால் சர்க்கரை குறைவதால் உப்புச் சுவை தட்டுகிறது. சில குழந்தைகள் இந்தக் கட்டத்தில் தாமாகவே விட்டுவிடும். இந்தக் குழந்தை பகல் முழுவதும் விட்டுவிட்டு, இரவு உறங்குமுன் ஒரு முறை மட்டும் வைத்துக்கொண்டது.

தாய்க்கு அந்த ஒரு முறையும் கடினமாயிற்று. காம்பு வலி கூர்மையாக இருந்தது. குழந்தை வாய் வைத்ததும் தள்ளிவிடத் தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதே குற்றமாகத் தெரிகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கருவுற்றிருக்கும்போது பாலூட்டும் பலர் உணர்வது இது. அன்பில் குறை வந்துவிட்டதாகப் பொருளல்ல. இங்கே நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை, ஏனெனில் குழந்தையின் உணவு இப்போது உறுதியாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் நிறுத்தவில்லை, பத்து எண்ணும்வரை மட்டும் குடிக்கலாம் என்று மகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு தொடர்ந்தார். எண்ணுவதைக் குழந்தையே விரும்பத் தொடங்கியதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

பிரசவமும் அதன் பிறகும்

ஜனவரியில், முப்பத்தொன்பதாம் வாரத்தில், அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமாக ஆண் குழந்தை பிறந்தது, எடை 2.9 கிலோ. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். தாய்க்கு இரத்தசோகை இருந்த கர்ப்பங்களில் சிசுவுக்கு இரும்புச் சேமிப்பைக் கூட்டும் எளிய வழி இது. முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்கப்பட்டது. மூத்தவள் குடித்ததால் சீம்பால் தீர்ந்துபோயிருக்குமோ என்று வீட்டில் கேட்டார்கள். பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகே பால் பெருகத் தொடங்குகிறது. அதுவரை சீம்பால் சுரந்துகொண்டேயிருக்கும்.

இரண்டு வயது நிறைந்த மூத்தவள் பால் பெருகியதைக் கண்டு மீண்டும் பகலிலும் கேட்டாள். பெருவில் 2002இல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்திலும் பாலூட்டிய தாய்மாரின் சிசுக்கள் முதல் மாதத்தில் சற்றுக் குறைவாக எடை ஏறியது பதிவாகியிருக்கிறது. அதனால் முதல் வாரங்களில் சின்னவனுக்கே முதலில், இரு மார்பும் கொடுத்த பிறகே அக்காவுக்கு என்று கண்டிப்பாகச் சொன்னோம். ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறானா என்று பார்க்கச் சொன்னோம். கிராம சுகாதார செவிலியர் வீட்டிலேயே எடை பார்த்தார். பத்தாம் நாளில் அவன் பிறந்த எடையை மீட்டான். முதல் சில நாள்களில் மூத்தவளுக்கு மலம் இளகிப் போனது; சீம்பாலின் மலமிளக்கும் தன்மையே காரணம் என்று விளக்கியதும் மாமியார் கவலையை விட்டார். மூன்றாம் வாரத்தில் மூத்தவள் பகலில் கேட்பதைத் தானாகவே குறைத்துக்கொண்டாள்.

ஆறாம் வாரப் பரிசோதனையில் சின்னவன் 4.3 கிலோ, தாயின் ஹீமோகுளோபின் 11.1. இரும்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் தொடர வேண்டும் என்று மீண்டும் எழுதிக் கொடுத்தோம். இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதால் இனி கரு தங்காது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. மார்ச் மாதத்தில் சொன்ன அதே மூன்று நிபந்தனைகளை மீண்டும் எடுத்துச் சொல்லி, சின்னவனுக்கு ஆறு மாதம் ஆகும்போது அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும் என்பதையும், கணவரின் அடுத்த விடுப்பு அதன் பிறகே வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். பாலைப் பாதிக்காத காப்பர் டியை அவர் தேர்ந்தெடுத்தார், அன்றே பொருத்தினோம்.